தனசேகரின் பத்து வினாடிகள்

திரையில் ஓடியது ஒரு நாடி, விரலில் அடித்தது வேறொரு நாடி. ஹேமாவதி முதலில் தன் விரலைத்தான் சந்தேகப்பட்டாள். காலையிலிருந்து ரப்பர் தோலைத் தொட்டுத் தொட்டு விரல்நுனி மரத்துப்போயிருந்தது; ஜன்னல் வழியே வந்த ஏரிக்காற்றில் அறை முழுக்கச் சேற்று வாடையும் ஈரத்துணி வாடையும் கலந்து கிடந்தன; போதாக்குறைக்குப் பின்வரிசையில் ஜெயம்மா சிஸ்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார். மானிட்டரில் பச்சைக் கோடு சமர்த்துப் பிள்ளையாக ஒரே இடைவெளியில் எழுந்து விழுந்துகொண்டிருந்தது. பயிற்சிப் பொம்மையின் மணிக்கட்டில் மட்டும் அடுத்தடுத்து இரண்டு அடி, பிறகு நீளமாக ஒரு வெறுமை, இனி வராது என்று நினைக்கும் நேரத்தில் ஓர் அடி, மறுபடியும் இரண்டு.

"மேடம், இதுல வேற மாதிரி அடிக்குது" என்றாள்.

பயிற்சி கொடுக்க வந்திருந்த கிறிஸ்டினா மேடம் பக்கத்தில் வந்து பொம்மையின் கையைப் பிடித்துப் பார்த்தார். "கரெக்டாத்தான இருக்கு. கட்டை விரல வெச்சிருப்பீங்க சிஸ்டர். அதுல உங்க நாடியே உங்களுக்குத் தெரியும். புதுசா வர்ற எல்லாரும் பண்றதுதான்."

இன்னொரு நர்ஸ் கீதா சிரித்தாள். ஹேமாவதியும் சிரித்துவைத்தாள். அவள் கட்டை விரலை வைக்கவில்லை.

தோணிரேவுக்குப் பக்கத்தில் ஏரியை ஒட்டி நிற்கும் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடியில் பயிற்சி நடந்தது. சுற்றுவட்டாரக் குப்பங்களின் துணை சுகாதார நிலையங்களிலிருந்து நான்கு நர்சுகள் வந்திருந்தார்கள். டாக்டர் என்பவர் இந்தப் பக்கம் எப்போதாவது தென்படும் ஆள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தால் ஈசிஜி எடுப்பதும், அந்தக் கட்டம் போட்ட காகிதத்தைப் பார்த்து இவரை உடனே பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட வேண்டுமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்வதும் நர்சின் தலையில்தான் விழும். அதைக் கற்றுக்கொடுக்கத்தான் கிறிஸ்டினா மேடம் ஒரு பிளாஸ்டிக் ஆளை இரண்டு பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்திருந்தார். இடுப்புக்கு மேல் அசல் ஆணைப் போலவே இருந்தது பொம்மை. மேடம் தன் டேப்லெட்டில் விரலை வைத்தால் அதன் இதயம் மாறும். இன்னொரு பொத்தானை அழுத்திப் பேசினால் அதன் வாய்க்குள் இருக்கும் ஸ்பீக்கரில் நோயாளியின் குரலாகக் கேட்கும். காலையில் அது "சிஸ்டர், எனக்கு டீ வேணும்" என்று கிறிஸ்டினாவின் குரலில் கேட்டபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"முதல் கேள்வி இதுதான்," என்றார் மேடம். "இடைவெளி சமமா இருக்கா, இல்லையா? அந்தத் துடிப்புக்குப் பேர் தெரியாட்டி பரவாயில்ல. சமமா இல்லன்னு தெரிஞ்சா போதும், போன் பண்ணிக் கேளுங்க. அதுலயே பாதி உயிர் பொழச்சிரும்."

ஹேமாவதிக்கு இருபத்து நான்கு வயது. வேலைக்கு வந்து எட்டு மாதம். பதிவேடு எழுதுவதிலிருந்து குடித்துவிட்டு வந்து சண்டை போடுபவனை வாசலோடு திருப்பி அனுப்புவது வரை எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த வளர்மதிதான். பதினோரு வருட அனுபவம். அக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு உண்மையிலேயே அக்காவாகிவிட்டவள். மூன்று மாதம் முன்பு ஹேமாவதி நைனா என்று கூப்பிடும் அவள் அப்பா செத்தபோது பதினாறு நாளும் வீட்டிலேயே இருந்து சோறு பிசைந்து ஊட்டியவள். அன்று மதியமும் வளர்மதி தன் டப்பாவிலிருந்த மடவை மீனை முள் எடுத்து அவள் பக்கம் தள்ளினாள்.

"சாப்புடுடி. மூஞ்சி இன்னா இப்படிக் கெடக்கு?"

"ஒண்ணியும் இல்லக்கா."

சாப்பாட்டுக்குப் பிறகு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஏரி கரும்பச்சையாகி, தூரத்தில் வலை கட்டிய கழிகள் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தன. மேடம் விளக்கைப் போட்டுவிட்டு, "இப்ப ஒரு நிஜ கேஸ். உங்க ஏரியாவுலேர்ந்தே வந்தது" என்று சுவரில் ஒரு படத்தைக் காட்டினார்.

இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட காகிதத்தின் புகைப்படம் அது. பத்து வினாடி நேரத்து இதயம். அடுத்தடுத்து இரண்டு கூர்முனை, பிறகு நீளமாக ஒரு வெறுமை, அப்புறம் ஒன்று.

"ஆண், அம்பத்து நாலு வயசு, மீன்பிடித் தொழில்," என்று மேடம் படித்தார். "ஜோடி ஜோடியா வருது பாருங்க. அடுத்த அடி தப்பான நேரத்துல வந்து விழுந்தா முடிஞ்சது. அப்புறம் இதயம் துடிக்காது, நடுங்க மட்டும்தான் செய்யும். நம்ம வளர்மதி சிஸ்டர் இதப் பாத்த உடனே டாக்டருக்கு அனுப்பி, ஆளையும் ஏத்தி விட்டிருக்காங்க. பொழச்சிட்டாரு. அதனாலதான் இந்த கேஸ எல்லா ஊர்லயும் காட்டுறேன்."

கீதாவும் ஜெயம்மாவும் கை தட்டினார்கள். வளர்மதி தலையைக் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

படத்தின் ஓரத்தில் காகிதத்தைப் பிடித்திருந்த ஒரு கட்டை விரல் தெரிந்தது. நகத்தில் பாதி உரிந்த ஊதாப் பாலிஷ். மேலே பேர் எழுதியிருந்த இடத்தை வெட்டியிருந்தார்கள். நீல மையில் ஓர் எழுத்தின் வால் மட்டும் தப்பியிருந்தது. ஹேமாவதி அந்த வாலைப் பார்த்தாள். தனசேகர் என்று தன் நைனாவின் பேரை எழுதியவள் அவள். அந்த விரல் அவளுடையது. அந்த ஆள் பிழைக்கவில்லை.

அந்த ஈசிஜி எடுத்த சாயங்காலம் முழுவதும் அப்படியே திரும்பி வந்தது. நெஞ்சில் ஏதோ படபடவென்று அடிப்பதாக நைனா அவளுடைய நிலையத்துக்கே வந்தார். மறுநாள் அவருக்குப் பாடு. ஏரியில் நல்ல மீன் கிடைக்கும் இடங்களைக் குப்பத்து ஆண்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவனுடைய முறையில் இன்னொருவன் வலை வைக்கமாட்டான், விட்டுப்போன முறை மறுபடி வர இருபது நாளுக்கு மேல் ஆகும். அவள் ஈசிஜி எடுத்துப் படம் பிடித்து, டாக்டரிடம் காட்டச் சொல்லி வளர்மதிக்கு அனுப்பினாள். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டார், ஒன்றும் இல்லையாம், வாயுவுக்கு மாத்திரை கொடு. பெஞ்சில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நைனா கேட்டார், "டாக்டர் பாத்துட்டாரா?" "பாத்துட்டாரு நைனா" என்றாள். விடியற்காலையில் பாட்டுக்குப் போனவர் மார்பளவுத் தண்ணீரில் கழியைப் பிடித்தபடியே சாய்ந்தார். விதி என்றார்கள். வளர்மதிதான் முதலில் சொன்னாள்.

மூன்றரை மணிக்குக் கடைசிப் பயிற்சி. பொம்மையின் இதயம் நின்றுபோகும். ஆளுக்கு ஆள் மாற்றி மார்பை அழுத்த வேண்டும். முப்பது அழுத்து, இரண்டு மூச்சு, மறுபடியும் முப்பது. கை ஓய்ந்தால் மாத்து என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அடுத்த ஆள் கை வைக்கும்வரை எடுக்கக் கூடாது. யார் முதலில் என்ற பேச்சு வந்ததும் ஜெயம்மா, "பாட்டுக்குப் போடற மாதிரி சீட்டுப் போட்ருவோம்" என்றார். நான்கு துண்டுக் காகிதம். கீதா, ஜெயம்மா, மூன்றாவது ஹேமாவதி, நான்காவது வளர்மதி.

கீதாவும் ஜெயம்மாவும் தங்கள் முறையை முடித்துவிட்டு, மழை வருவதற்குள் ஆரம்பாக்கம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்கள். மேடத்துக்குப் போன் வந்தது. மாடியில் சிக்னல் நிற்கவில்லை. டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "ரோட்டுல தண்ணி ஏறுதாம், டிரைவர் கூப்பிடறாரு. நீங்க ரெண்டு பேரும் உங்க பாட்டுக்குச் செய்ங்க, நான் கீழேர்ந்தே ரிதம் மாத்துறேன்" என்று இறங்கிப் போனார்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை போட்ட சைக்கிள் நிறுத்தத்தின் மேல் அது கொட்டிய சத்தத்தில் கீழே யார் பேசுவதும் கேட்கவில்லை. அறைக்குள் இருந்த ஒற்றை விளக்கு ஒருமுறை மங்கிப் பிறகு தெளிந்தது. எங்கிருந்தோ ஏரிச் சேற்றின் வாடை முன்பைவிடக் கனமாக, யாரோ காலோடு கொண்டுவந்து உதறிவிட்டதைப் போல வந்தது. ஹேமாவதி பொம்மையின் ஒரு பக்கம் நின்றாள். மறுபக்கம் வளர்மதி.

ஹேமாவதிக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அதை அக்காவின் வாயால் கேட்க வேண்டும்.

"அன்னிக்கு எந்த டாக்டருக்கு அனுப்புனக்கா?"

"இன்னாத்தக் கேக்கற?"

"எங்க நைனா ஈசிஜிய."

"இப்ப இன்னாத்துக்கு அதெல்லாம். அது வேற ஆளோட கேஸு ஹேமா. பாக்க ஒரே மாதிரி இருக்கும்."

"அதுல இருக்கறது என் வெரலு."

அப்போதுதான் மானிட்டரில் பச்சைக் கோடு மாறியது. இரண்டு அடி, வெறுமை, ஓர் அடி. மேடம் கீழிருந்து மாற்றியிருப்பார் என்று ஹேமாவதி நினைத்தாள். நடுங்கும் கோட்டையோ நேர்க்கோட்டையோதான் போடுவதாகச் சொல்லியிருந்தார். புகைப்படத்தில் இருந்தது பத்து வினாடி மட்டுமே. இது ஓடிக்கொண்டே இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் போயிற்று. ஒரு முறைகூட ஆரம்பத்துக்குத் திரும்பவில்லை. இடைவெளி மெல்ல மெல்ல நீண்டது. பத்து வினாடிக்கு அப்புறம் அந்த இதயம் என்ன செய்தது என்று யாரிடமும் காகிதம் இல்லை.

பொம்மையின் வாயில் ஸ்பீக்கர் கரகரத்தது.

"டாக்டர் பாத்துட்டாரா?"

ஆண் குரல். பீடிப் புகையில் கம்மிய குரல்.

"மேடம் வெளையாடுறாங்க," என்றாள் வளர்மதி. அவள் உதடு வெளுத்திருந்தது.

ஹேமாவதி ஜன்னலுக்குப் போனாள். கீழே வேன் நின்றது. பின்கதவைத் தூக்கி, அதன் அடியில் கிறிஸ்டினா மேடம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். டேப்லெட் ஜிப் போட்ட பையில் தோளில் தொங்கியது. மேடம் எதற்கோ சிரித்தார்.

"டாக்டர் பாத்துட்டாராமா?"

வளர்மதி சுவரோரம் நகர்ந்தாள். பிறகு யாரோ கழுத்தைப் பிடித்து உலுக்கியதைப் போல அவள் வாயிலிருந்து கொட்டியது.

"நான் அனுப்பவே இல்ல. போதுமா? ஆரம்பாக்கத்துல கல்யாணத்துல இருந்தேன் அன்னிக்கு. போட்டோவப் பாத்தேன், எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரிஞ்சுது. டாக்டரத் தொந்தரவு பண்ணா திட்டுவாருன்னு நானே பதில் போட்டுட்டேன். நைனா போன அப்புறம்தான் டாக்டருக்குக் காட்டுனேன், வேற ஊரு ஆளுன்னு சொல்லி. அவரு பதறிப்போயி ஆள அனுப்பிட்டியான்னு கேட்டாரு. அனுப்பிட்டேன், பொழச்சிட்டாருன்னு சொன்னேன். இன்னா பண்ணச் சொல்ற என்னிய?"

இவ்வளவுதான். பதினாறு நாளும் ஊட்டிய சோறெல்லாம் இவ்வளவுதான். ஹேமாவதிக்கு அழுகை வரவில்லை. பொங்கிப் பொங்கி ஆத்திரம்தான் வந்தது. அவளை அடித்திருப்பாள். அதற்குள் மானிட்டர் அலறியது.

கோடு நடுங்கியது. மேடு இல்லை, பள்ளம் இல்லை. வெறும் நடுக்கம்.

மூன்றாவது சீட்டு அவளுடையது. அவள் யோசிக்கவில்லை. பொம்மையின் மார்பில் இரு கைகளையும் வைத்து அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. இந்தத் தடவை விடமாட்டேன் என்று நினைத்தாள். பொம்மையிடம் அல்ல, அவரிடம்தான் சொல்லிக்கொண்டாள். பன்னிரண்டு, பதின்மூன்று. ரப்பர் காலையில் இப்படி இருக்கவில்லை. இப்போது குளிர்ந்திருந்தது. தண்ணீரில் நெடுநேரம் கிடந்த தோலைப் போல உள்ளங்கைக்கு அடியில் வழுக்கியது. இருபது. ஒவ்வொரு அழுத்துக்கும் பொம்மையின் வாயோரத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் வழிந்தது. உப்பு வாடை. முப்பது. மூச்சு கொடுக்கக் குனிந்தாள்.

"நீ பாத்தியாமா?"

காதுக்கு மிக அருகில். கோபமே இல்லாத குரல். பெஞ்சில் உட்கார்ந்து பொத்தான் போட்டுக்கொண்டே கேட்பவரைப் போல.

அவள் மறுபடியும் அழுத்தினாள்.

"டாக்டர வுடு. நீ பாத்தியாமா?"

பார்த்திருந்தாள். மெஷினிலிருந்து காகிதம் வெளியே வரும்போதே பார்த்திருந்தாள். பேர் தெரியவில்லை. ஆனால் இடைவெளி சமமாக இல்லை என்பது தெரிந்தது. ஸ்கூல் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். அக்காவின் பதில் வந்ததும், அப்பாடா என்று காகிதத்தை மடித்து வைத்துவிட்டாள். மறுநாள் பாடு. பாட்டை விட்டால் அவர் இருபது நாளும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். இன்னொரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. அவர் வளர்மதியை நம்பித் தண்ணீரில் இறங்கவில்லை. வளர்மதி யாரென்றே அவருக்குச் சரியாகத் தெரியாது.

"நீ பாத்தியாமா?"

பதினெட்டு. பத்தொன்பது. தோள் எரிந்தது. மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தினாலும் கோடு செத்துப் படுத்தது. அழுத்தினால் எழுந்தது.

"மாத்து," என்றாள்.

வளர்மதி அசையவில்லை.

"அக்கா, மாத்து. உன் சீட்டு. என்னால முடியல."

வளர்மதி கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தாள். பொம்மையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவள் எதைப் பார்த்தாள் என்று ஹேமாவதிக்குத் தெரியவில்லை. குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"என்னிய மன்னிச்சிருடி."

இன்னோர் அடி. கதவு. வெளியே மழைச் சத்தம் பெரிதாகிச் சட்டென்று சின்னதானது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் விழுந்தது. படியில் செருப்புச் சத்தம். கொஞ்ச நேரத்தில் வேன் கதவு சாத்தும் சத்தம். என்ஜின். அக்கா கீழே என்ன சொல்லியிருப்பாள்? ஹேமா முன்னமே கிளம்பிவிட்டாள் என்று சொல்லியிருப்பாள். அவள் சொன்னால் நம்பாதவர்கள் யார்.

விளக்கு போயிற்று. மானிட்டரின் பச்சை மட்டும்.

ஹேமாவதி கையை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது. அடுத்த ஆள் வரும்வரை எடுக்கக் கூடாது. இருபத்தாறு. இருபத்தேழு. முழங்கை மடங்கியது.

"மாத்து," என்றாள் இருட்டைப் பார்த்து. "யாராச்சும் வாங்க. மாத்து."

பின்னால் தரையில் ஈரப் பாதம் ஒன்று வைக்கும் சத்தம். அப்புறம் இன்னொன்று. நிதானமாக. சேற்று வாடை அவள் கழுத்தருகே வந்து நின்றது. அவள் திரும்பவில்லை.

தோளுக்கு மேலாக இரண்டு கைகள் நீண்டு வந்தன. தண்ணீரில் ஊறிச் சுருங்கி வெளுத்த கைகள். விரலிடுக்கில் வலை நரம்பு அறுத்த கோடுகள். அவை அவளுடைய கைகளின் மேல் மெதுவாகப் படிந்தன. முறை மாற்றிக்கொள்ள வந்தவர் போல. அவள் தன் கைகளை உருவப் பார்த்தாள். முடியவில்லை.

அந்தக் கைகள் அழுத்தின.

வலி அவளுடைய நெஞ்சில் விழுந்தது. நெஞ்செலும்புக்கு நடுவில். மறுபடி அழுத்தின. அவள் விலாவில் ஏதோ முறிந்தது. கத்த வாய் திறந்தாள். மூச்சு வரவில்லை. உப்புத் தண்ணீர் வந்தது. மானிட்டரில் பச்சைக் கோடு சீராக, ஒரே இடைவெளியில், அழகாக எழுந்து விழுந்துகொண்டிருந்தது.

இருபத்தொன்பது. முப்பது.

முப்பதுக்கு அப்புறம் நிறுத்த வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.